டின் அக்கா

காதர்பேட்டைக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரே கதவுக்குள் ஆறு வீடுகள் வரிசையாக இருந்த ஒரு வளவில் நான் ஏழு வருஷம் குடியிருந்தேன். அந்த ஏழு வருஷத்தில் அக்காவின் கை படாமல் ஒரு வெங்காயச் சருகுகூட அந்தக் கதவைத் தாண்டியதில்லை. மனிதர்கள் போகலாம், வரலாம். குப்பை மட்டும் அக்காவைக் கேட்டுக்கொண்டுதான் போக வேண்டும்.

அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. நேரில் எல்லோருக்கும் அவர் அக்கா, முதுகுக்குப் பின்னால் டின் அக்கா. கதவை ஒட்டிய முதல் வீட்டில் தனியாக இருந்தார். வளவைச் சுத்தமாக வைத்துக்கொண்டால் வாடகை வேண்டாம் என்று வீட்டுச் சொந்தக்காரர் சொல்லியிருந்தார். கூட்டிப் பெருக்குவார் என்று நினைத்துத்தான் அவர் சொல்லியிருப்பார். அக்கா அதை ஒரு சர்க்கார் ஆபீஸாகவே நடத்தினார்.

அவர் வீட்டு முன்னால் மேல்தகடு வெட்டிய ஐந்து மண்ணெண்ணெய் டின்கள் நிற்கும். காய்த் தோலும் மிஞ்சிய சோறும் ஒன்றில். அது பால்காரர் எருமைக்கு. அடுப்புச் சாம்பல் ஒன்றில்; அது ஆறு வீட்டுக்கும் பாத்திரம் தேய்க்கத் திரும்பி வரும். கொட்டாங்குச்சி, ஆணி, உடைந்த வளையல் ஒன்றில். கொட்டாங்குச்சியைத் துணி தேய்ப்பவர் இஸ்திரிப் பெட்டிக் கரிக்கு எடுத்துப்போவார். காகிதம் ஒன்றில், அது பொட்டலம் மடிக்கப் பெட்டிக்கடைக்கு. ஐந்தாவது துணி டின். பனியன் ஊர் என்பதால் அதுதான் முதலில் நிறையும். கட்டிங் வேஸ்ட் என்று கம்பெனிகளில் ஒதுக்குகிற துண்டுகளை ஆண்கள் மடியில் கட்டிக்கொண்டு வருவார்கள். அடுப்படியில் பிடிதுணியாகி, வாசலில் மிதியடியாகி, உழைத்து ஓய்ந்தபின் அவை டின்னுக்கு வரும். மெஷின் துடைக்க அதையும் வாங்கிப்போக ஓர் ஆள் இருந்தார். தலை வாரிச் சுருட்டிப் போடுகிற முடியைக்கூடச் சவுரி முடைகிற பெண்ணுக்கென்று அக்கா எடுத்துவைப்பார். முனிசிபாலிட்டி வண்டிக்காரர் எங்கள் கதவுக்கு நேரே மாட்டை நிறுத்தவே மாட்டார். "உங்க வளவுல எனக்கென்னங்க வேலை?" என்று சிரித்துக்கொண்டே ஓட்டிப்போவார்.

எதையாவது போடப் போனால் அக்கா உள்ளேயிருந்தே, "இருங்க அம்மிணி, பாத்துட்டுப் போடலாமுங்க" என்பார். எங்களுக்குப் பற்றிக்கொண்டு வரும். பார்ப்பதற்கு அதில் என்ன இருக்கிறது? ஆனால் அவர் பார்ப்பார். குத்தவைத்து உட்கார்ந்து, தலையை ஒருபக்கம் சாய்த்து, ஒவ்வொன்றாக விரலால் தொட்டு, சிலதை முகர்ந்தும் பார்ப்பார். வீட்டுக்கு வேண்டிய பொருள் ஏதாவது தவறி வந்திருந்தால் கழுவித் துடைத்துக் கையோடு கொண்டுவந்து கொடுப்பார். காய்த் தோலோடு போன கரண்டி, ரவிக்கைக் கொக்கி, ஒருமுறை நாலாம் வீட்டுக்காரியின் மூக்குத்தித் திருகு. திருகுக்காக அவரைக் கும்பிட்ட அதே நாலாம் வீட்டுக்காரி மறு வாரமே அவரை வைதாள். ஏனென்றால் பொருளோடு சேர்ந்து சேதியும் திரும்பி வரும்.

நான் கல்யாணமாகி வந்த முதல் மாதம் கத்தரிக்காய்ப் பொரியலைத் தீய்த்துவிட்டேன். யாருக்கும் தெரியாமல் டின்னின் அடியில் தள்ளி, மேலே வாழைக்காய்த் தோலைப் போட்டு மூடிவிட்டு, வேறு பொரியல் செய்துவைத்தேன். சாயங்காலம் அக்கா வந்தார். என் மாமியாரும் பக்கத்தில்தான் இருந்தார்.

"ஏனுங்க அம்மிணி, வெறகு ரொம்ப வேகமா எரியுதுங்களா? அடுத்த தடவ நான் பாத்து வாங்கித் தரட்டுங்களா?"

அக்கறையாகத்தான் கேட்டார். அதுதான் கொடுமை. என் மாமியார் அந்தப் பொரியலை இரண்டு வருஷம் சொல்லிக் காட்டினார்.

பிறகு ஒருமுறை, தாறுமாறாகத் தைத்து வீணாக்கிய ஒரு ரவிக்கைத் துணியைச் சுருட்டிப் பின்சுவருக்கு அந்தப்பக்கம் வீசினேன். அங்கே ஒரு சலவைப் பட்டறை. அங்கே வேலை செய்தவர் அதை எடுத்துக்கொண்டு தெருவைச் சுற்றி வந்து, "உங்க வளவுதா இருக்குமுங்க" என்று அக்காவிடமே கொடுத்துவிட்டுப் போனார். அன்றோடு நான் வீசுவதை விட்டேன். ஊர் முழுக்க அக்காவுக்கு ஆள் இருக்கிறது என்று தோன்றியது. ஆனால் அக்கா மட்டும் தெருவில் இறங்கி யாரும் பார்த்ததில்லை. டின்களை விட்டுவிட்டு எங்கே போவார்? கோயம்புத்தூர் மில்லில் வேலைக்குப் போன புருஷன் திரும்பி வரவில்லை என்றார்கள். புருஷனே கிடையாது என்றும் சொன்னார்கள். யாருக்கும் நிச்சயமில்லை. எங்கள் எல்லோர் வீட்டுக் குப்பையையும் அவர் பார்த்தார், அவர் வீட்டுக் குப்பையை யாரும் பார்த்ததில்லை.

குளியலறைக்குப் பின்னால் மூடி போட்ட ஆறாவது டின் ஒன்று இருந்தது. அது பெண்களுக்கு மட்டும் தெரிந்தது. மற்ற ஊர்ப் பெண்கள் பழைய சேலைத் துண்டைத் துவைத்துத் துவைத்து மறைவில் உலர்த்திக்கொண்டிருந்த காலத்தில், எங்களுக்கு மெத்தென்ற பனியன் துண்டுகள் கிடைத்தன. துவைக்க வேண்டாம், மூடி போட்ட டின்னில் போட்டால் போதும். நாய் இழுக்காமல், ஆண்கள் கண்ணில் படாமல், அக்கா அதை வெந்நீர் அடுப்பில் வைத்து எரித்துவிடுவார். இந்த ஒரு காரியத்துக்காக அவரைத் தெய்வமாக வைத்துக் கும்பிடலாம். ஆனால் ஒவ்வொரு வீட்டு ஆணும் ஒவ்வொரு கம்பெனி. எங்கள் வீட்டுத் துண்டு வெளுத்த வெள்ளை, மூன்றாம் வீட்டுத் துண்டு வெளுக்காத பழுப்பு, ஐந்தாம் வீட்டில் கோடு போட்டது. ஆகவே யாருக்கு எப்போது வந்தது, எத்தனை நாள் இருந்தது, யாருக்கு வரவில்லை என்பதெல்லாம் அக்காவுக்குத் தெரியும். ஐந்தாம் வீட்டுப் பெண் முழுகாமல் இருக்கிறாள் என்பது அவள் புருஷனுக்கு முன்னால் அக்காவுக்குத் தெரிந்தது.

இப்போது என் கதைக்கு வருகிறேன். எனக்கு முதல் இரண்டும் பெண். பதினாலு மாத இடைவெளி. இரண்டாவதைப் பெற்று எழுந்தபோது சுவரைப் பிடிக்காமல் நடக்க முடியவில்லை. என் மாமியார் தொட்டிலை அவிழ்க்கவே விடவில்லை. "அடுத்தது பையன்தான், அப்புறம் எதுக்கு அவுக்கோணும்?" என்றார். குடும்பக் கட்டுப்பாட்டுக்காகச் சுவரெல்லாம் சிவப்பு முக்கோணம் வரைந்திருந்த காலம் அது. சின்னவளுக்கு அம்மை குத்த ஆஸ்பத்திரிக்குப் போன இடத்தில் நர்ஸம்மா குழந்தையை விட்டுவிட்டு என் கீழிமையை இழுத்துப் பார்த்தார்.

"இன்னொண்ண நீ தாங்கமாட்டே. லூப் வெச்சுக்கறயா?" என்றார்.

பிள்ளை உண்டாகாமல் இருக்க உள்ளே வைக்கிற அந்தச் சின்னச் சுருளை வைத்துக்கொண்டேன். என் வாழ்க்கையில் யாரையும் கேட்காமல் நானாகச் செய்த முதல் காரியம் அது. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வரும்போது பயமாக இருந்தது, கூடவே சந்தோஷமாகவும் இருந்தது. என் பெயர், வீட்டுக்காரர் பெயர், என்ன செய்தது, எப்போது திரும்பி வர வேண்டும் எல்லாம் தமிழில் தெளிவாக எழுதிய ஒரு மஞ்சள் அட்டையைக் கொடுத்திருந்தார்கள். அதைச் அடுப்படிப் பலகையில் விரித்திருந்த செய்தித்தாளுக்கு அடியில் செருகினேன். அதைவிட நல்ல இடம் அந்த ஒற்றை அறை வீட்டில் எனக்குக் கிடைக்கவில்லை.

பொங்கல் வந்தது. நான் கிணற்றடியில் துவைத்துக்கொண்டிருந்தபோது என் மாமியார் வீட்டை ஒழுங்குபண்ணி, பலகைக் காகிதங்களை எல்லாம் உருவி அள்ளிக் காகித டின்னில் போட்டுவிட்டார். உள்ளே வந்து புதுச் செய்தித்தாளைப் பார்த்ததும் எனக்கு உயிரே போய்விட்டது.

ஏன் என்று சொல்ல வேண்டும். அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. அதனால் எழுத்து உள்ள காகிதம் எதையும் அவர் சட்டென்று கடைக்குப் போட்டுவிட மாட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வீட்டு முன்னால் ஒரு பெஞ்சு போட்டு, படித்த ஆள் ஒருவரை உட்காரவைத்து ஒவ்வொன்றாகக் காட்டுவார். ரேஷன் சீட்டு, பள்ளிக்கூடச் சர்டிபிகேட் என்று வேண்டியது இருந்தால் அந்தந்த வீட்டுக்குத் திரும்பிப் போகும். அந்தப் படித்த ஆள் என் வீட்டுக்காரர். அவர் கம்பெனியில் பனியன் பேல் கட்டுகளின்மேல் விலாசம் எழுதுகிறவர். வளவிலேயே நல்ல கையெழுத்து அவருடையது.

நான்கு நாள் நான் அந்த டின்னைச் சுற்றிச் சுற்றி வந்தேன். அக்கா வாசலைவிட்டு நகரவேயில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தது. பெரியவளைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, அங்கேயே உட்கார்ந்து தலை வாரினேன். அக்கா நீட்ட, என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு "போகட்டுமுங்க" என்றோ "வையுங்க" என்றோ சொல்லிக்கொண்டிருந்தார். கடைசிக் காகிதம்வரை பார்த்தேன். அட்டை வரவில்லை. என் வீட்டுக்காரர் எழுந்து வந்து சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் மோர் கேட்டார்.

அப்படியானால் அக்கா அதைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறார். படிக்கத் தெரியாவிட்டால் என்ன, கனமான அட்டை, ஆஸ்பத்திரி முத்திரை, விரலுக்குத் தெரியாதா? மறுநாள் அவர் என்னை வெகு நேரம் பார்த்தார். பிறகு உள்ளே போய் நல்ல வெள்ளைத் துண்டுகளாக ஒரு கட்டு கொண்டுவந்து என் மடியில் வைத்தார்.

"வேணுங்கறப்ப எடுத்துக்கோங்க அம்மிணி. கேக்கோணும்னு இல்லீங்க" என்றார்.

எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். லூப் வைத்ததிலிருந்து மூன்று நாள் போகிற தீட்டு எட்டு நாள் போனது. வீட்டில் அதைச் சொல்ல வழியில்லை. நாலாம் நாள் குளித்துவிட்டு, ஒன்றும் இல்லாதவள்போல் உள்ளே வந்து விளக்கேற்றுவேன். மாமியார் நம்பினார். வெள்ளைத் துண்டை எண்ணிப் பார்த்தது அக்கா மட்டும்தான். அட்டை அவரிடம், அதற்குச் சாட்சி அவர் அடுப்பில்.

அன்றிலிருந்து நான் அந்த அம்மாளுக்கு அடிமை ஆனேன். அவர் குடத்துக்குத் தண்ணீர் எடுத்து வைத்தேன். முதல் தோசை அவருக்குப் போகும். நாலாம் வீட்டுக்காரி அவரோடு சண்டைக்கு வந்தால் நான் அக்கா பக்கம் நின்று பேசுவேன். "எதுக்குங்க அம்மிணி" என்று சொல்லிக்கொண்டே எல்லாவற்றையும் வாங்கிக்கொள்வார். வாங்கிக்கொள்ளும்போது அவர் முகம் மலரும். அதைப் பார்த்து எனக்கு வயிறு எரியும். இவள் செத்துப்போனால் நான் பிழைத்தேன் என்று மனதார நினைத்திருக்கிறேன். திரும்பி வரச் சொன்ன தேதிக்கு ஆஸ்பத்திரிக்கும் போகவில்லை. அட்டையும் இல்லை, சொல்லிக்கொண்டு போகக் காரணமும் இல்லை, கதவில் அக்கா இருந்தார்.

இதற்கு நடுவில் பையனுக்காகக் கிருத்திகை விரதம். மாதாமாதம் பட்டினி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பஸ் ஏறிச் சிவன்மலை முருகன் கோயிலுக்குப் போய்ப் படியேற வேண்டும். "இத்தன தடவ ஏறுனா முருகன் குடுக்காமயா போயிருவான்?" என்பார் மாமியார். கொடுக்க முடியாதபடி நான் செய்து வைத்திருக்கிறேன் என்று முருகனுக்கும் எனக்கும் அக்காவுக்கும் மட்டுமே தெரியும் என்று நினைத்துக்கொண்டு ஏறுவேன். ஒருமுறை பாதிப் படியில் கண் இருட்டி உட்கார்ந்துவிட்டேன். கூட வந்த என் வீட்டுக்காரர் கீழே இறங்கிப் போய்க் கோலி சோடா வாங்கி வந்தார். நான் குடித்து முடிக்கும்வரை வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "ஏறலாமா?" என்றார். ஏறினோம்.

இப்படி ஒன்றேகால் வருஷம். சித்திரை வெயிலில் ஒரு தடவை பத்து நாளாகியும் நிற்கவில்லை. கிணற்றடியில் குனிந்தவளால் நிமிர முடியவில்லை. அக்கா வந்து என் கையிலிருந்து கயிற்றை வாங்கினார்.

"ஒரு பொம்பளைக்கு இத்தன துணி ஆகாதுங்க அம்மிணி. பத்து நாளா பாத்துக்கிட்டிருக்கறேன். கெளம்புங்க, ஆசுபத்திரிக்குப் போலாம்."

எனக்குள் இத்தனை நாள் இருந்ததெல்லாம் வாய்க்கு வந்துவிட்டது. "பாத்துக்கிட்டேதான இருந்தீங்க? இன்னும் பாருங்க. அந்த அட்டைய வெச்சுக்கிட்டு இன்னும் எத்தன நாளைக்கு என்னைய ஆட்டி வெக்கறதா இருக்கறீங்க?"

"எந்த அட்டைங்க?"

"ஆசுபத்திரி அட்டை. போன வருஷப் பொங்கலுக்குக் காயித டின்னுக்கு வந்ததே, அது."

அக்கா யோசித்தார். "மஞ்சளா, கனமா ஒண்ணு வந்துதுங்க. அதயா கேக்கறீங்க? அத அந்த ஞாயித்துக்கெழமையே உங்க ஊட்டுக்காரருகிட்டக் குடுத்துட்டனுங்களே. ஆசுபத்திரிது மாதிரி இருக்குதேன்னு மொதல்ல அதத்தான் எடுத்துக் குடுத்தேன். நீங்க புள்ளைய இழுத்துக்கிட்டு வெளிய வந்தது அதுக்கப்புறமுங்க. ரெண்டு தடவ படிச்சுப் பாத்தாரு. எங்கூட்டுதுதானுங்கன்னு சொல்லி ஜோப்புல வெச்சுக்கிட்டாரு. உங்ககிட்டக் குடுக்கலீங்களா?"

கிணற்று மேடையில் உட்கார்ந்தேன். அக்கா ஐந்து டின்களையும் பலகை போட்டு மூடி, மேலே ஒவ்வொரு கல்லை வைத்தார். என் மாமியாரிடம் போய், "அம்மிணிக்கு மயக்கமா இருக்குது, ஆசுபத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போயிட்டு வந்தர்றனுங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். அவர் தெருவில் நடந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். யாருக்கு யார் துணை என்று தெரியவில்லை.

நர்ஸம்மா திட்டிக்கொண்டே லூப்பை எடுத்துவிட்டார். ரத்தத்துக்கு மாத்திரை கொடுத்து, ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகச் சொன்னார். ஆஸ்பத்திரி பெஞ்சில் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அட்டையில் என்ன எழுதியிருந்தது என்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. துணி அதிகமாக வருகிறதே, பாவம், இளைத்துப்போகிறாளே என்றுதான் அந்த வெள்ளைக் கட்டைக் கொடுத்திருக்கிறார். நான் பயந்து செய்த ஊழியத்தையும் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்க வேண்டாம்.

அக்கா முந்தானையை விரலில் சுற்றினார். "நீங்க தண்ணி எடுத்து வெச்சது, தோசை குடுத்தது எல்லாம் எம்மேல பிரியத்துலன்னு நெனச்சிருந்தனுங்க" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை நாள் சிறையில் இருந்தவள் நான் என்றுதான் நினைத்திருந்தேன். அந்தச் சிறைக்குக் காவலாள் என்று நான் யாரைச் சபித்தேனோ, அந்த மனுஷி என் தோசைக்காகக் காலையில் காத்திருந்திருக்கிறார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

திரும்பி நடக்கும்போது, வளவுக் கதவு தெரிகிற இடத்தில் அக்கா நின்றார். எதைக் கையில் எடுத்தாலும் இது இன்ன டின்னுக்கு என்று உடனே சொல்லிவிடுகிறவர், அன்றைக்கு வழியெல்லாம் எதையோ வைத்துக்கொண்டு தடுமாறியிருக்கிறார்.

"எனக்கு ஒண்ணு மட்டும் வெளங்கலீங்க அம்மிணி. அவருக்குத்தான் தெரியுமே. அப்புறம் எதுக்குங்க உங்களப் பட்டினி கெடக்க உட்டாரு? எதுக்கு மலையேத்துனாரு?"

எனக்கும் விளங்கவில்லை. என்மேல் கோபம் என்றால் கத்தியிருக்கலாம். இரக்கம் என்றால் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அம்மாவிடம் பேச்சு வாங்காமலும் இருக்க வேண்டும், மூன்றாவது பிள்ளையும் வேண்டாம். இரண்டுக்கும் சேர்த்து நான் படியேறினால் அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கிறது. யோசித்து யோசித்து நான் கண்டது இவ்வளவுதான்.

மத்தியானம் அவர் சாப்பிட வந்தார். இலை போட்டுச் சோறு வைத்தேன். பத்து நாளுக்கு முன்னால்தான் நான் ஒதுங்கியிருந்தேன் என்பதெல்லாம் மயக்கம் என்றதும் மாமியாருக்கு மறந்துபோய், முகத்தில் காலையிலிருந்தே ஒரு வெளிச்சம். மகன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "ஆசுபத்திரிக்குப் போயிட்டு வந்திருக்கறா. நல்ல சேதியாத்தான் இருக்கும் கண்ணு. அடுத்த கிருத்திகைக்கு மலைக்குப் போயிட்டு வந்துருங்க" என்றார்.

வழக்கம்போல் அவர் இலையைப் பார்த்துக்கொண்டு சோற்றைப் பிசைந்தார்.

"ஏனுங்க, ஆசுபத்திரியில என்னோட அட்டையக் கேட்டாங்க" என்றேன். "உங்ககிட்டத்தான் இருக்குது, பதினஞ்சு மாசமா பத்திரமா வெச்சிருக்கறீங்கன்னு சொல்லிட்டு வந்தேன்."

பிசைந்த கை நின்றது.

"என்ன அட்டை?" என்று மாமியார் என்னைக் கேட்டார். பிறகு மகன் பக்கம் திரும்பினார். "உன்னத்தான் கேக்கறேன், என்னடா அட்டை?"

அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். இந்த மாதிரிப் பேச்சு வரும்போதெல்லாம் மோர் எடுக்கிற சாக்கில் அடுப்படிக்குப் போய்விடுவது என் வழக்கம். அன்றைக்குப் போகவில்லை. அவர் வாயைத் திறக்கட்டும் என்று அங்கேயே நின்றேன்.